கொண்டது விடாத கணவன்: எலிசபெத் ஃபோன் ஆர்னிமின் ‘தி கேரவனர்ஸ்’ புதினத்தில் நகையும் அதிகாரமும்

ஆய்வுச்சுருக்கம்

எலிசபெத் ஃபோன் ஆர்னிம் எழுதிய ‘தி கேரவனர்ஸ்’ 1909ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஆங்கில நகைச்சுவைப் புதினமாகும். பிரஷ்ய இராணுவ அதிகாரி ஒருவர் தம் மனைவியுடன் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் குதிரை பூட்டிய கூண்டுவண்டியில் மேற்கொண்ட விடுமுறைப் பயணத்தைத் தாமே எழுதுவதாக இது அமைந்துள்ளது. கதைசொல்லி தம்மைப் புகழ்ந்து எழுதும் ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிரான சான்றாக மாறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்புதினத்தின் நகை, கதைசொல்லியின் அறியாமையைவிட அவருடைய விடாப்பிடியிலிருந்தே பெரிதும் பிறக்கிறது என்பதும், அவ்விடாப்பிடிக்குப் பின்னால் அக்காலச் சட்டத்தின் துணை இருந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகைக் கோட்பாடு இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகை, மடன், நம்பகமற்ற கதைசொல்லி, திருமணச் சட்டம், பயணப் புதினம், மொழிபெயர்ப்பு

ஆசிரியரும் நூலும்

மேரி ஆனெட் பொஷாம்ப் என்ற இயற்பெயர் கொண்ட இவ்வாசிரியர் 1866ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். சிறுகதை ஆசிரியர் கேத்தரின் மான்ஸ்ஃபீல்டு இவருக்கு உறவினர். 1891இல் பிரஷ்யப் பிரபுவான ஹென்னிங் ஃபோன் ஆர்னிமை மணந்தார். பொமரேனியாவில் நாசன்ஹைடு என்னும் ஊரிலிருந்த பண்ணை மாளிகையில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1898இல் வெளிவந்த ‘எலிசபெத்தும் அவளுடைய ஜெர்மானியத் தோட்டமும்’ என்னும் முதல் நூலின் பெரும் வெற்றி இவரை அறியச் செய்தது. அந்நூலில் ஆசிரியர் பெயர் இடம்பெறவில்லை. பின்வந்த நூல்களும் ‘தோட்ட நூலின் ஆசிரியர்’ என்ற குறிப்புடனேயே வெளியாயின. இவருடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க நாசன்ஹைடுக்கு வந்த ஆசிரியர்களில் ஈ.எம். ஃபார்ஸ்டரும் ஹியூ வால்போலும் அடங்குவர் என்பது இலக்கிய வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

1907ஆம் ஆண்டுக் கோடையில் இவர் தம் மகள்களுடனும் நண்பர்களுடனும் கென்ட் பகுதியில் கூண்டுவண்டிப் பயணம் செய்தார். அந்த அனுபவமே இப்புதினத்தின் மூலப்பொருள். எனினும் அதை ஒரு பெண்ணின் மகிழ்ச்சியான பயணக் குறிப்பாக எழுதாமல், அத்தகைய பயணத்தில் எவரும் விரும்பாத ஒரு மனிதரின் கையில் எழுதுகோலைக் கொடுத்துவிட்டதே ஆசிரியர் செய்த முதன்மையான கலைத்தேர்வு.

‘கேரவன்’ என்னும் சொல் இன்றைய தமிழ் வாசகருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் குளிரூட்டப்பட்ட ஊர்தியையே நினைவூட்டும். இப்புதினத்தில் வருவது வேறு. படுக்கையும் அடுப்பும் அலமாரியும் கொண்ட, குதிரை இழுக்கும் மரவீடு அது. இக்கட்டுரையில் அது கூண்டுவண்டி என்றே சுட்டப்படுகிறது. நாடோடி மக்களின் வாழிடமாக இருந்த இவ்வண்டியை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மாற்றியவர்களில் முன்னோடி, கப்பற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான கோர்டன் ஸ்டேபிள்ஸ். 1885இல் ‘வாண்டரர்’ என்ற வண்டியைத் தமக்கெனச் செய்வித்து அவர் பயணம் மேற்கொண்டார். 1907இல் இங்கிலாந்தில் கூண்டுவண்டிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு வெளிவந்த கென்னத் கிரஹாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ நூலில் தற்பெருமை மிக்க தேரையார் மஞ்சள் நிறக் கூண்டுவண்டியில் புறப்பட்டு, மோட்டார் வண்டியால் பள்ளத்தில் விழுகிறார். எளிய வாழ்வை விலைகொடுத்து வாங்கும் இந்த நாகரிகத்தை 1909ஆம் ஆண்டு வாசகர் நன்கு அறிந்திருந்தனர்.

வெள்ளிவிழாக் கணக்கு

கதைசொல்லி ஓட்டோ ஃபோன் ஓட்ரிங்கல், ஸ்டோர்ஷ்வெர்டர் என்னும் கற்பனைப் பிரஷ்ய ஊரில் வாழும் பிரபு, இராணுவத்தில் மேஜர். மனைவி எடெல்கார்ட். ஓட்டோ தம் திருமண வெள்ளிவிழாவைக் கொண்டாட விரும்புவதில்தான் கதை தொடங்குகிறது. ஆனால் எடெல்கார்டை அவர் மணந்து சில ஆண்டுகளே ஆகின்றன. மறைந்த முதல் மனைவி மரி லூயிசாவோடு வாழ்ந்த ஆண்டுகளையும் சேர்த்து இருபத்தைந்து என்று அவர் கூட்டுகிறார். கணவராகத் தாம் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியிருக்க, மனைவி இடையில் மாறியது கணக்கை எவ்வாறு பாதிக்கும் என்பதே அவருடைய வாதம்.

இந்தக் கணக்கில் கூட்டல் பிழை ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டோவின் தருக்கம் பெரும்பாலும் இவ்வாறே சரியாக இருக்கிறது; அது நிற்கும் அடித்தளமே கோணலானது. திருமணம் என்பது ஆணின் பணிக்காலம், மனைவி அப்பணியில் நிரப்பப்படும் இடம் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டால் வெள்ளிவிழா முறையானதே. புதினம் அந்தக் கருத்தை எங்கும் மறுத்துரைப்பதில்லை. அதன்படி ஒரு மனிதரை நடக்கவிட்டு, அவர் செல்லும் தொலைவைக் காட்டுகிறது.

சிக்கனத்தில் நாட்டமுள்ள ஓட்டோவுக்கு அண்டை வீட்டுக் கைம்பெண்ணான எக்தூம் அம்மையார் வழியாக இங்கிலாந்துக் கூண்டுவண்டிப் பயணம் பற்றித் தெரியவருகிறது. அம்மையாரின் சகோதரி ஆங்கிலேயரான மென்சீஸ்-லீயை மணந்தவர். எல்சா, இல்சா, அய்ல்சா என்னும் மூன்று வண்டிகளில் குழு புறப்படுகிறது. சோசலிச நாடாளுமன்ற உறுப்பினரான ஜெல்லபி, பிரபு குடும்பத்து இளைஞர் சிகிஸ்மண்ட், இரண்டு சிறுமியர் ஆகியோரும் உடன் வருகின்றனர். கென்ட், சசெக்ஸ் பகுதிகளின் குறுகிய பாதைகள், ஓயாத மழை, ஆண்களும் சேர்ந்து சமைத்துப் பாத்திரம் கழுவ வேண்டிய ஏற்பாடு ஆகியவற்றின் நடுவில், தம் தகுதிக்குரிய உணவும் ஓய்வும் மரியாதையும் கிடைக்காத அதிகாரியின் முறையீடாகப் புதினம் நீள்கிறது. நிகழ்ச்சிகள் என்று பெரிதாக ஏதும் இல்லை. மழை, சேறு, உருளைக்கிழங்கு, குதிரையை நடத்திச் செல்லும் முறை யாருடையது என்ற வாக்குவாதம். இவ்வளவு சிறிய பொருளைக் கொண்டு முழுநீளப் புதினம் எழுத முடிந்ததற்குக் காரணம் கதைசொல்லியின் குரல்.

கேட்போர் யார்?

நம்பகமற்ற கதைசொல்லி என்னும் கருத்தாக்கத்தை வெய்ன் பூத் 1961இல் வரையறுத்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் முழுமையான எடுத்துக்காட்டாக இப்புதினம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஓட்டோ பொய்யர் அல்லர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறார். பிறர் சொன்ன சொற்களைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. பொருள் கொள்ளும்போது மட்டுமே தவறுகிறார். எக்தூம் அம்மையார் இதற்குத் தக்க சான்று. ஓட்டோவின் நீண்ட பேச்சுகளுக்கு அவர் ‘ஓ’ என்ற ஓரெழுத்தையே பெரும்பாலும் விடையாகத் தருகிறார். இதை இசைவாகவும் வியப்பாகவும் பெண்மையின் நிறைவாகவும் ஓட்டோ விரித்துரைக்கிறார். அதே அம்மையார் பிறருடன் சரளமாக உரையாடுவதையும் அவரே பதிவுசெய்கிறார். இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. அந்த இணைப்பைச் செய்யும் பொறுப்பு வாசகருடையது. நகை பிறக்கும் இடமும் அதுவே.

இப்புதினத்தில் கேட்போர் இரு தரத்தினர். ஓட்டோ தம் ஊர் நண்பர்களை அழைத்து உரக்கப் படித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறார். தம்மைப் போலவே எண்ணுவோர் நிறைந்த அவை அது. அவர்கள் தலையசைப்பார்கள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. சில பகுதிகளை வாசிக்கும்போது விட்டுவிட வேண்டும் என்றும் இடையிடையே தமக்குத்தாமே குறித்துக்கொள்கிறார். நூலைக் கையில் வைத்திருக்கும் வாசகரோ அழைக்கப்படாத விருந்தினர். விடப்பட வேண்டிய பகுதிகளையும் படித்துவிடுபவர். ஸ்டோர்ஷ்வெர்டர் அவையில் பெருமையாக ஒலிக்கும் அதே வாக்கியம் நம்மிடம் வாக்குமூலமாக வந்து சேர்கிறது. ஒரே சொற்றொடர் ஒரு சொல்லும் மாறாமல் இருவகைப் பொருள் தருமாறு நூல் முழுவதும் எழுதிச் செல்வது எளிய செயலன்று. சில இயல்களில் இது சலிப்பூட்டவும் செய்கிறது. ஓட்டோவின் உணவுக் குறைகள் மீண்டும் மீண்டும் வரும் நடுப்பகுதியைச் சுருக்கியிருக்கலாம்.

திட்டமிட்ட காலம் முடிவதற்கு வெகு முன்பே பயணம் கலைகிறது. குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் அவசரக் காரணம் வந்துவிடுகிறது. ஓட்டோ அக்காரணங்களை உள்ளபடியே நம்புகிறார். ஆங்கிலேயரின் நாகரிகம் அவரைக் காயப்படுத்தாமல் காத்தது; திருந்தும் வாய்ப்பையும் அதே நாகரிகம் பறித்துவிட்டது. இந்த இரண்டாவது விளைவை ஆசிரியர் அறிந்தே வைத்துள்ளார் என்பது என் கருத்து. முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் ஒருவரைக்கூட அவர் அக்குழுவில் நீண்ட நேரம் பேசவிடவில்லை.

பேதைமையும் மடனும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன் என்கிறார். பிற நாட்டுப் புதினத்துக்கு இவ்வரையறையை வலிந்து பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் பேதைமைக்கும் மடனுக்கும் பழைய உரையாசிரியர்கள் காட்டும் வேறுபாடு இங்கு மிகவும் பயன்படுகிறது. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாதிருக்கும் இயல்பு.

ஓட்டோவைப் பேதை என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு. அவர் கல்வியும் பதவியும் உடையவர், நுட்பமாகக் கவனிப்பவர், எடெல்கார்டின் பாவாடை எத்தனை விரற்கடை உயர்ந்தது என்பதும், அவளுடைய கூந்தல் ஒப்பனை எந்த நாளில் மாறியது என்பதும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. கண்ட காட்சியை அவர் தாம் பெற்ற பயிற்சியின் வழியாக மட்டுமே புரிந்துகொள்கிறார். வீடும் படைப்பள்ளியும் ஊரும் கற்பித்த பாடம் ஒன்று உண்டு: ஆண் ஆணையிடுவான், மனைவி செய்வாள், படிநிலை உலகின் இயற்கை. அதைக் கொண்டவர், விடவில்லை. இது மடனுக்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. களவியலில் அச்சம், நாண் ஆகியவற்றோடு மடன் பெண்ணுக்கு உரிய பண்பாகக் கூறப்படுகிறது. கற்பித்ததை விடாது காத்தல் பெண்ணின் அணியாகப் போற்றப்பட்ட மரபு நம்முடையது. பிரஷ்ய மரபும் இதில் பெரிதும் வேறுபடவில்லை. இப்புதினத்திலோ அந்த அணியைக் கணவர் பூண்டிருக்கிறார். மனைவிதான் கொண்டதை விடுகிறாள். முதலில் கணவர் அழைத்தவுடன் வரத் தயங்குகிறாள். பிறகு பிறர் முன்னிலையில் மறுமொழி சொல்கிறாள். சிரிக்கவும் கற்கிறாள். கணவர் விழிக்கும் முன்பே எழுந்து வண்டியை விட்டு வெளியேறிவிடுகிறாள். இவை யாவும் நமக்குக் கணவரின் புகார்களாகவே வந்து சேர்கின்றன. எடெல்கார்டின் மனத்தில் ஓடியவை பற்றி அவள் கூற்றாக நூலில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. பகைமை கொண்ட சாட்சியின் வாய்மொழியிலிருந்தே ஒரு பெண்ணின் விடுதலையை நாம் கட்டமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

ஆங்கில நகைச்சுவை மரபில் ஓட்டோவுக்கு முன்னோர் உண்டு. கிராஸ்மித் சகோதரர்களின் ‘தி டைரி ஆஃப் எ நோபடி’ 1892இல் நூலாக வந்தது. அதன் கதைசொல்லி பூட்டரும் தம்மைப் பற்றிய உயர்ந்த எண்ணத்துடன் நாட்குறிப்பு எழுதும் கணவரே. ஆனால் பூட்டரை வாசகர் மன்னிக்கிறார். நூல் முடியும்போது அவர்மீது அன்பும் கொள்கிறார். ஓட்டோவை அவ்வாறு மன்னிக்க இயலவில்லை. இதற்குத் தேசிய வெறுப்பு ஒரு காரணம் என்றாலும் அதுவே முழுக் காரணமன்று. பூட்டருடைய பெருமிதத்துக்குப் பின்னால் அதிகாரம் இல்லை. கடைப்பையனும் மகனும்கூட அவரைப் பொருட்படுத்துவதில்லை. ஓட்டோ எரிச்சலுற்றால் எடெல்கார்டின் நாள் கெடும்.

சிரிப்புக்குப் பின்னால் சட்டம்

ஓட்டோவின் விடாப்பிடியைத் தனிமனிதக் குறையாகக் காண்பது போதாது. 1900 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1354ஆம் பிரிவு, கூட்டுத் திருமண வாழ்வு தொடர்பான அனைத்திலும் முடிவெடுக்கும் உரிமையைக் கணவருக்கே வழங்கியது. வாழும் ஊரையும் வீட்டையும் அவரே தீர்மானிப்பார். அவர் தம் உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும் மனைவி கட்டுப்பட வேண்டியதில்லை. பொதுவான சொத்து ஏற்பாட்டின்படி மனைவி கொண்டுவந்த செல்வத்தை நிருவகிப்பதும் அதன் பயனைத் துய்ப்பதும் கணவர் உரிமை. 1354ஆம் பிரிவு மேற்கு ஜெர்மனியில் 1958இல்தான் நீங்கியது. ஆக, எங்கே செல்வது, எப்போது திரும்புவது, எவ்வளவு செலவிடுவது என்று ஓட்டோ முடிவெடுக்கும்போது அவர் மிகைநடிப்பு நடிக்கவில்லை. சட்டம் எழுதித் தந்த பாத்திரத்தையே ஏற்கிறார். பத்தாண்டுகூட நிரம்பாத புதிய சட்டம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழமையின் எச்சம் என்று அதை ஒதுக்கிவிட இயலாது.

இந்தப் பின்னணியில் கூண்டுவண்டி என்னும் களம் பொருள் பொதிந்ததாகிறது. 1354ஆம் பிரிவு வீட்டைச் சார்ந்தது. சக்கரத்தின்மேல் நகரும் வீட்டில் பணியாளர் இல்லை, தனியறை இல்லை, ஊரார் கண் இல்லை. மெல்லிய மரச்சுவருக்கு அப்பால் பிற தம்பதியர் வாழும் முறை வெளிப்படையாகத் தெரிகிறது. மென்சீஸ்-லீ தம் மனைவியிடம் பேசும் தொனி, ஜெல்லபி கேட்காமலே சுமையை வாங்கிக்கொள்ளும் இயல்பு ஆகியவற்றை எடெல்கார்ட் நாள்தோறும் காண்கிறாள். எவரும் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே கிட்டுகிறது.

கூண்டுவண்டிக்கும் பெண்ணுரிமைக்கும் அந்நாளில் நேரடித் தொடர்பும் இருந்தது. பெண்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த மியூரியல் மாட்டர்ஸ் 1908ஆம் ஆண்டுக் கோடையில் வாக்குரிமை முழக்கம் தாங்கிய குதிரை வண்டியில் சர்ரே, சசெக்ஸ், கென்ட் முதலிய பகுதிகளின் சிற்றூர்களுக்குச் சென்று உரையாற்றினார். அவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவரே. இப்பயணத்துக்கும் புதினத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததாக இங்கு கூறவில்லை. ஓட்டோவின் வண்டி சென்ற அதே வட்டாரப் பாதைகளில், நூல் வெளிவருவதற்கு முந்திய கோடையில் இன்னொரு வண்டி இவ்வாறு சென்றது என்பதே குறிப்பிடத்தக்கது.

பிரஷ்யாவின் குற்றமா?

புதினத்தின் முதன்மையான குறையும் இங்கேதான் உள்ளது. ஆங்கில ஆண்கள் அனைவரும் பண்பாளர்கள். ஜெர்மானியக் கணவர் மட்டும் கொடுமையாளர். ஆங்கிலேய–ஜெர்மானியக் கடற்படைப் போட்டி உச்சத்தில் இருந்த 1909இல், ஜெர்மானியப் படையெடுப்பைக் கற்பனை செய்த நூல்கள் மலிந்திருந்த சூழலில், இந்தப் பகுப்பு ஆங்கில வாசகருக்கு இனிப்பாகவே இருந்திருக்கும். தம் சமூகத்தில் மனைவிக்கு வாக்குரிமைகூட இல்லை என்பதை மறந்து அயலானைப் பார்த்துச் சிரிக்க அது வழிவிட்டது. ஜெரோம் கே. ஜெரோம் 1900இல் எழுதிய ‘த்ரீ மென் ஆன் தி பம்மல்’ ஆங்கிலேயர் மூவரை ஜெர்மனிக்கு அனுப்பி இரு தரப்பையும் நகையாடியது. அந்த நடுநிலை ஆர்னிமிடம் இல்லை.

ஆனால் இதற்கான மறுமொழியை ஆசிரியரே பின்னாளில் எழுதினார். 1910இல் கணவர் மறைந்தபின், 1916இல் இவர் மணந்தவர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலின் தமையனாரான பிரபு பிரான்சிஸ் ரஸ்ஸல். அத்திருமணம் விரைவில் பிரிவில் முடிந்தது. 1921இல் வெளிவந்த ‘வேரா’வில் வரும் கணவர் வீமிஸ் முழு ஆங்கிலேயர். ஒழுங்கு, நேரந்தவறாமை, தம் விருப்பமே நியாயம் என்னும் நம்பிக்கை அனைத்தும் ஓட்டோவிடம் கண்டவையே. அங்கு அவற்றைக் கண்டு சிரிக்க முடிவதில்லை, அச்சமே மேலிடுகிறது. எனவே ‘தி கேரவனர்ஸ்’ நூலைத் தனித்துப் படிப்பதைவிட ‘வேரா’வோடு இணைத்துப் படிப்பதே முறையாகும். ஓட்டோவை ஹென்னிங் பிரபுவின் உருவமாகவும் வீமிஸை ரஸ்ஸலின் உருவமாகவும் மட்டும் காணும் வாழ்க்கை வரலாற்று வாசிப்பு, இவ்விரு நூல்களுக்கும் இடையிலான இந்த உரையாடலைத் தவறவிடுகிறது.

தமிழாக்கம் எதிர்கொள்ளும் வினா

இந்நூலைத் தமிழில் பெயர்க்க முனைவோர்க்கு மழையும் சமையலும் இடர் தருவனவல்ல. இடர் தருவது படர்க்கைப் பெயர். ஆங்கிலத்தில் பெண்கள் அனைவருக்கும் ஒரே பெயர்ச்சொல்தான். தமிழில் ‘அவள்’, ‘அவர்’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஓட்டோவின் வாயில் எக்தூம் அம்மையார் ‘அவர்’ ஆகவும், எடெல்கார்ட் ‘அவள்’ ஆகவும் வருவதே இயல்பு. மூலத்தில் தொனியாக மட்டும் உள்ள படிநிலை தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் வெளிப்பட்டுவிடும். இது தமிழாக்கத்துக்குக் கூடுதல் வலிமை தரும் என்றே தோன்றுகிறது; அதேவேளை மூலத்தைவிட ஓட்டோவை விரைவாகக் காட்டிக்கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஏவல் வினையிலும் இதே நிலைதான்: மனைவியிடம் ‘செய்’, பிரபு குடும்பத்து இளைஞரிடம் ‘செய்யுங்கள்’.

எடெல்கார்ட் மாறிய பின்னரும் ‘அவள்’ என்னும் சொல்லை மாற்றலாகாது என்பதே என் துணிபு. மொழிபெயர்ப்பாளருக்கு அவள்மீது மதிப்புக் கூடியிருக்கலாம். எழுதுகோல் ஓட்டோவின் கையில் இருக்கிறது.